தயிர் உறையாத ஞாயிறு

"பிப்ரவரி 3, வெள்ளி. செவலைக்கு மடியில் மருந்து போட்டார்கள். யாரிடமும் சொல்லக் கூடாது."

என் ஆறாம் வகுப்பு நாட்குறிப்பில் உள்ள வரி இது. ஆண்டு குறிக்கவில்லை. பதினோரு வயதில், ஆண்டு என்பது மாறக்கூடிய ஒன்று என்று தோன்றவில்லை போலும். பிப்ரவரி மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமையில் வந்த ஆண்டுகளைத் தேடி, அது 2012 என்று பின்னாளில் உறுதி செய்துகொண்டேன். அந்தப் பக்கத்தில் மருந்து அட்டைப்பெட்டி ஒன்றைத் தட்டையாக்கிச் செருகியிருக்கிறேன். வழவழப்பாக, நீலக்கோடு போட்டு அழகாக இருந்ததால் எடுத்து வைத்தது. அதில் அச்சாகியிருந்ததைப் படிக்க வேண்டும் என்று அப்போது நினைக்கவில்லை.

எங்கள் ஊர் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே, மயிலத்துக்குப் பக்கம். அப்பா சென்னையில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். மாதம் ஒருமுறை வருவார். வீடு, நிலம், மாடு எல்லாம் பெரியப்பாவின் பொறுப்பு. பெரியம்மா இறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆகவே அடுப்பு முழுவதும் அம்மாவின் பொறுப்பு. பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் ஒரே தங்கை, என் அத்தை. முகையூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தோம். அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தைக்கு ஏழாம் மாத வளைகாப்பு. முடிந்ததும் பிரசவத்துக்கு எங்களோடே தங்குவாள் என்று ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை காலை எங்கள் பசு செவலையின் பின்காம்பு ஒன்று வீங்கிச் சிவந்திருந்தது. தொட்டால் உதைத்தது. பெரியப்பா என்னைக் கயிற்றைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, முனை மழுங்கிய ஊசிக்குழாய் போன்ற ஒன்றைக் காம்புக்குள் விட்டு அழுத்தினார்.

"டாக்டரு வரலியா பெரியப்பா?"

"டாக்டரு வந்து என்னாத்தப் போடப் போறாரு? இத்தத்தான் போடுவாரு. போன தபா போட்டதுல பாதி மிச்சம் கீது. அத்தயும் போட்டுட்டா ஜல்தியா வாடிப்பூடும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "யார்கிட்டயும் சொல்லிக்கினு திரியாத. பால் சங்கத்துக்காரன் காதுல வுழுந்தா பால் எடுக்க மாட்டான். அப்பறம் பேஜாரு."

அறியாமையால் செய்தார் என்று அவருக்காகப் பேசுகிறவர்களுக்கு இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் நான் எடுத்துக் காட்டுவேன். தெரியாதவர் மறைக்கச் சொல்ல மாட்டார்.

மற்ற நாட்களில் செவலையின் பால் சங்கத்துக்குப் போகும். மருந்து போட்ட நாளிலும் போகும். அங்கே ஊர் மாடுகளின் பாலோடெல்லாம் கலந்து, யார் வீட்டுக் காப்பியிலோ எந்த விடுதிப் பிள்ளைகளின் டம்ளரிலோ போய்ச் சேரும். சனிக்கிழமை மட்டும், வளைகாப்புக்குத் தயிர் வேண்டுமே என்று, இரண்டு வேளைப் பாலையும் பெரியப்பா வீட்டில் நிறுத்திக்கொண்டார். "வெளிய வாங்குனா தண்ணிப் பாலு. நம்ம செவலை பாலு கல்லாட்டம் உறையும்" என்று பெருமை வேறு.

அம்மா பாலைக் காய்ச்சி, விரல் தாங்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, உறைமோர் ஊற்றி, இரண்டு தவலைகளையும் சாக்கால் சுற்றி வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மூடியைத் திறந்து கரண்டியை விட்டாள். பால் பாலாகவே வழிந்தது. இன்னொரு கரண்டி உறைமோர் ஊற்றி, தவலைகளை வெயிலில் வைத்தாள். பத்து மணிக்கும் அப்படியே கிடந்தது. புளிக்கவும் இல்லை, திரியவும் இல்லை.

அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள். "மாட்டுக்கு எதுனா ஊசி கீசி போட்டாரா ஒங்க பெரியப்பா?"

"தெரிலமா."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். திரும்பக் கேட்கவில்லை.

பெரியப்பா வண்டியை எடுத்துக்கொண்டு திண்டிவனம் போய்ப் பாக்கெட் தயிர் வாங்கி வந்தார். அவர் பையோடு இறங்கிய நேரம், அத்தையின் மாமியார் வாசலில் நின்றிருந்தார்.

"என்னா சம்பந்தி, மாட்டு வூட்ல பாக்கெட்டு தயிரு?"

"உறையலீங்க."

"யாரு உறை ஊத்துனது?"

"தம்பி பொண்டாட்டிதாங்க. அது கைராசி அப்டி."

இதைச் சொன்னபோது பெரியப்பா என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். என் மடியில் அவர் காலையில் கொடுத்த மல்லாட்டை உருண்டை, வேர்க்கடலையில் செய்தது, இருந்தது.

"தயிர் இல்லன்னா பாயசமா வெச்சிடுங்களேன்" என்று யாரோ சொல்ல, பெண்கள் சிரித்தார்கள். மாமியார் சிரிக்கவில்லை. "வூட்டுக்குத் தூரமா இருந்துக்கினு தவலையத் தொட்டுச்சோ என்னமோ. பாலே உறையாத வூட்ல புள்ள எப்டிமா தங்கும்?"

முழங்கை வரை வளையல் அடுக்கியிருந்த அத்தை, "எங்க அண்ணி கை வெக்காத தயிரா இந்த வூட்ல? நீங்க சும்மா இருங்க அத்த" என்றாள். மாதவிலக்கென்று சொல்லிவிட்டார்களே, பந்தியில் நின்று பரிமாறவும் அம்மாவை விடவில்லை. அவள் சமைத்த சோறு மட்டும் எல்லோருக்கும் ஆயிற்று.

அத்தை எங்கள் வீட்டில் தங்கினாள். "கறந்த சூட்டோட குடி, புள்ள செவப்பாப் பொறக்கும்" என்று பெரியப்பா தினமும் காய்ச்சாத பாலை ஒரு சொம்பு கொண்டுவந்து நிற்பார். அத்தையும் குடிப்பாள். அன்பாகத்தான் கொடுத்தார். இதையும் பதிவு செய்கிறேன். அதற்குள் செவலையின் காம்பு மறுபடியும் இரண்டு தடவை வீங்கியது. இரண்டு தடவையும் அதே மருந்து, அதே பாதி அளவு. வீக்கம் வடிந்ததும் மருந்தை நிறுத்திவிடுவார்.

மார்ச் மாதம் அத்தைக்குக் குளிர்க்காய்ச்சல். சிறுநீர்த் தொற்று என்றார்கள். மாத்திரைக்குக் கேட்கவில்லை. ஊசிக்கும் கேட்கவில்லை. விழுப்புரத்தில் சேர்த்து வேறு மருந்து தேடிப் போடுவதற்குள், மாதம் நிறையுமுன்பே பிரசவ வலி வந்துவிட்டது. "மார்ச் 27, செவ்வாய். அத்தைக்குப் பாப்பா பிறந்தது. பெண்." அடுத்த பக்கம் காலி. அதற்கடுத்த பக்கத்தில், "பாப்பா இல்லை."

"அன்னிக்கே தயிரு சொல்லிச்சி. யாரு கேட்டீங்க?" என்றார் அத்தையின் மாமியார், அம்மாவைப் பார்த்து.

அவர் சொன்னது சரி என்பதுதான் என்னால் பொறுக்க முடியாதது. தயிர் சொல்லத்தான் செய்தது. பாலைத் தயிராக்குவதும் கிருமிதான், நல்ல கிருமி. மடியில் போட்ட மருந்து பாலில் இறங்கி, அம்மா ஊற்றிய உறைமோரின் கிருமிகளைக் கொன்றிருக்கிறது. அந்த ஊரில் அந்தப் பாலை உள்ளபடி சோதித்தது எங்கள் இரண்டு தவலைகள் மட்டுமே. மருந்தைப் பாதியில் நிறுத்தும்போது சாகாமல் தப்பும் கிருமி, அடுத்த முறை அதே மருந்துக்கு அசையாது. இதெல்லாம் நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அம்மாவின் கைராசியைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் இன்றுவரை எங்கள் சொந்தத்தில் ஒரு விசேஷத்திலும் அவளை உறை ஊற்ற விட்டதில்லை.

அத்தை தன் ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் பத்திரமாக வைத்திருந்தாள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவற்றை என்னிடம் கொடுத்தாள். சிறுநீர்ப் பரிசோதனைத் தாளில் மருந்துகளின் பட்டியல்; பெரும்பாலானவற்றுக்கு எதிரே 'ஆர்' என்ற எழுத்து. கிருமி எதிர்த்து நிற்கிறது, இந்த மருந்து பயன்படாது என்று பொருள். நாட்குறிப்பிலிருந்த அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அட்டையில் இரண்டு மருந்துகளின் பெயர்கள். இரண்டும் தாளில் இருந்தன. இரண்டுக்கும் எதிரே 'ஆர்'. அட்டையின் ஓரத்தில் பொடி எழுத்தில், மருந்து செலுத்தியபின் மூன்று நாள் பாலைப் பயன்படுத்தக் கூடாது என்றும் இருந்தது.

போன மாதம் ஊருக்குப் போனேன். கொட்டகை மாடத்தில் பாதி அழுத்திய குழாய் ஒன்று கிடந்தது.

"இத்தப் போட்டா எத்தினி நாளு பால் ஊத்தக் கூடாது பெரியப்பா?"

"எவன் சொன்னான்? மாடு நல்லாத்தானே கீது."

அம்மாவைப் பற்றி அன்று சொன்னதை அவருக்கு நினைவுபடுத்தினேன். "அது எப்பவோ நடந்தது, வுடு" என்றார். நான் விடவில்லை. விடுவதாகவும் இல்லை.

நாட்குறிப்பில் பிப்ரவரி 5, ஞாயிறுக்கு எதிரே இப்படி எழுதியிருக்கிறேன்: "தயிர் உறையவில்லை. காரணம் தெரியவில்லை." அது பொய்யல்ல. இரண்டு பக்கம் முன்னால் என் கையாலேயே எழுதியதுதான் காரணம் என்பது எனக்கு அன்று தெரியாது. தயிரைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய அம்மா மாட்டைப் பற்றி ஏன் கேட்கிறாள் என்றும் விளங்கவில்லை. ரகசியத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று மட்டும் நினைத்தேன்.

அத்தையின் உடம்பில் இருந்த கிருமி செவலையிடமிருந்து வந்ததா என்பது உறுதிசெய்யப்படவில்லை. மாட்டை யாரும் சோதிக்கவில்லை. அந்த ஆடி மாதமே பெரியப்பா அதைச் சந்தையில் விற்றுவிட்டார். வாங்கியவர் எந்த ஊர் என்று கேட்டேன். நினைவில்லை என்கிறார்.