அதிகாரி வரும் நாளில் தண்ணீர் வராது

நான் வேலைக்காக வெளியூர் கிளம்பிய வெள்ளிக்கிழமை சித்தி வழியனுப்ப வரவில்லை. மெனக்கெட்டுப் புதுச் சட்டை தைத்துக் கொடுத்தவள் ஸ்டேஷனுக்குத் தலைகாட்டவில்லையே என்று அம்மாவுக்கு மனத்தாங்கல். ரயில் நகர்ந்த பிறகுதான் ஃபோன் வந்தது. தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஒரு காரைத் துண்டு பெயர்ந்து, சித்தியின் தையல்கடைத் தகரக் கூரையைப் பொத்துக்கொண்டு, இஸ்திரி மேசைமேல் விழுந்திருந்தது. அந்த நேரம் பார்த்து சித்தி நூல்கண்டு எடுக்கக் குனிந்திருக்கிறார்.

"எனக்கு ஒண்ணும் ஆகலடி. மேசைதான் போச்சு. நீ ஒழுங்கா போய்ச் சேரு" என்றார்.

சித்தப்பா இறந்த மறு வருடம் சித்தி அந்தக் கடையைப் போட்டார். ஊருக்கே குடிநீர் தரும் மேல்நிலைத் தொட்டியின் காலடியில் இடம். வாடகை குறைவு, நாள் முழுக்க நிழல். பள்ளிச் சீருடைதான் முக்கிய வேலை. வாயில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டே திட்டுவார் என்பதால் பாதித் திட்டு யாருக்கும் புரியாது. அதனாலேயே தெருவில் பகை இல்லாமல் இருந்தார்.

தொட்டியின் அடியில் ஒரு விரிசல் இருந்தது. தண்ணீர் ஏறினால் கசியும், இறங்கினால் காய்ந்துவிடும். காரைத் துண்டு விழுந்த பிறகு சித்திக்கு நிம்மதி போயிற்று. தொட்டியைத் தாங்கும் தூண்களுக்கு நடுவே புகுந்துதான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும். குடிநீர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். அங்கே இருந்த இளம் பொறியாளருக்குத் தெரு வைத்த பெயர் 'பார்க்கலாம்'. எதைச் சொன்னாலும் அவரிடமிருந்து வருவது அந்த ஒரு வார்த்தைதான்.

வருடத்துக்கு ஒரு முறை பெரிய அதிகாரி தொட்டியைச் சோதிக்க வருவார். அதற்கு முந்தின நாளே மோட்டாரை நிறுத்திவிடச் சொல்லி, தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார்காரருக்குப் பார்க்கலாமிடமிருந்து வாய்மொழி உத்தரவு போகும். தொட்டி கழுவுகிறோம் என்று காரணம் சொல்வார்கள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் அதிகாரி வருகிறார் என்று தெருவே புரிந்துகொள்ளும். அதிகாரி இறங்கியதும் எல்லோரும் சூழ்ந்துகொண்டு, நேற்றிலிருந்து சொட்டுத் தண்ணீர் இல்லை என்று முறையிடுவார்கள். அவரும் மனமிரங்கி, தொட்டியை இன்னும் நிறைய ஏற்றுங்கள் என்று உத்தரவிட்டுப் போவார். விரிசல் விட்ட தொட்டிக்கு வருடா வருடம் பாரம் கூடியதுதான் மிச்சம். சித்தி ஒழுகுவதைச் சொன்னபோது அவர் அண்ணாந்து பார்த்து, "எங்கம்மா ஒழுகுது, காஞ்சுல்ல கிடக்கு?" என்று கேட்டாராம்.

அதற்கடுத்த சோதனையின்போதும் நான் ஊரில் இல்லை. அம்மா, சித்தி, மோட்டார்காரர் என மூவரும் தனித்தனியாகச் சொல்லித்தான் தெரியும். மூவர் சொன்னதிலும் கால்சட்டை மட்டும் மாறவில்லை.

அந்த முறை அதிகாரி ஏணியில் ஏறி இறங்கியபோது துருப்பிடித்த கம்பியொன்று அவருடைய கால்சட்டையைப் பின்பக்கம் நீளமாகக் கிழித்துவிட்டது. பக்கத்தில் இருந்தது தையல்கடை ஒன்றுதான். சித்தி ஒரு பூப்போட்ட திரைச்சீலையைக் கொடுத்து, இடுப்பில் சுற்றிக்கொண்டு உட்காரச் சொன்னார். மேலதிகாரியைக் குளிர்விக்க இதைவிட நல்ல சமயம் வராது என்று நினைத்த 'பார்க்கலாம்', அதிகாரியின் வீட்டிலிருந்து வேறு கால்சட்டை எடுத்துவர ஜீப்பில் பறந்தார். தூரத்தில் மோட்டார் அறையிலிருந்து பார்த்த மோட்டார்காரருக்கு ஜீப் போவது மட்டும் தெரிந்தது. அதிகாரி கிளம்பிவிட்டார் என்று நினைத்து, பாவம், தண்ணீரில்லாமல் தவிக்கும் தெருவுக்காக மோட்டாரைப் போட்டுவிட்டார்.

சித்திக்கு மோட்டார் சத்தம் கேட்டது. இரண்டு தையலில் முடியும் வேலைக்கு ஒட்டுப் போட வேண்டும் என்றார். ஒட்டுக்குத் துணி தேடினார். நிறம் சேரவில்லை என்று மறுபடி தேடினார். கொஞ்ச நேரத்தில் தகரக் கூரைமேல் டொக் டொக்கென்று விழ ஆரம்பித்தது.

"என்னம்மா, மழையா?" என்றார் அதிகாரி.

"வெளிய வெயில் கொளுத்துது சார். வந்து பாருங்க."

அவர் திரைச்சீலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார். விரிசல் முழுக்க ஈரம் படர்ந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. யாரும் சிரிக்கவில்லை என்று அம்மா சத்தியம் செய்கிறார், நான் நம்பவில்லை. கால்சட்டையோடு வந்து இறங்கிய பார்க்கலாமிடம் அதிகாரி மெதுவாகத்தான் கேட்டார்.

"இத்தனை வருஷமா காஞ்ச தொட்டியவா எனக்குக் காட்டுன?"

'பார்க்கலாம்' கையிலிருந்த கால்சட்டையை நீட்டினார்.

"பாதுகாப்பா இருக்குன்னு கையெழுத்துப் போட்டவன் நான். விழுந்திருந்தா நான்தான் பதில் சொல்லணும்" என்றவர், உடையைக்கூட மாற்றாமல், தொட்டியைக் காலி செய்து சுற்றிலும் வேலி போடச் சொல்லிவிட்டார்.

அதன் பிறகு பட்டதுதான் பெரும்பாடு. தண்ணீர் லாரியில் வந்தது. லாரி நினைத்தபோது வந்தது. வேலிக்குள் கடை மாட்டிக்கொண்டதால் சித்தி இரண்டு தெரு தள்ளி எங்கள் வீட்டு முன்னறைக்குத் தையல் இயந்திரத்தை மாற்றினார். குடத்தோடு வரிசையில் நின்றவர்கள் அவர் காதுபடவே பேசினார்கள். உன் ஓட்டைத் தகரத்துக்காக ஊரே குடம் தூக்குது என்றாள் நெடுநாள் தோழி ஒருத்தி. பூசி மெழுகியிருந்தால் தொட்டி இன்னொரு தலைமுறைக்கு நின்றிருக்கும் என்று 'பார்க்கலாம்' டீக்கடையில் சொன்னது சித்தியை அரித்தது. தேவையில்லாமல் எல்லோரையும் தவிக்கவிட்டோமோ என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

நான் திரும்பி வந்தபோது தொட்டி காலியாக நின்றபடியே ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதை இடிக்கும் நாளன்று தெருவே வேடிக்கை பார்க்கப் போனது. சித்தி வரமாட்டேன் என்றுவிட்டார்.

"அது கல்லு மாதிரி நின்னுதுன்னா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுடி நான் அங்க நிக்கிறது?"

மதியம் அவருடைய ஃபோன் ஒலித்தது. வாய் நிறையக் குண்டூசி. படி என்று ஃபோனை என் பக்கம் தள்ளினார். அதிகாரி அனுப்பியிருந்தார்:

"அம்மா, இடிக்கும் இயந்திரம் தொட்டவுடனே முதல் தூண் உதிர்ந்துவிட்டது. உள்ளே கம்பி இல்லை, துருதான் இருக்கிறது. தண்ணீர் நிறைந்திருந்தால் அடுத்த மழையைக்கூடத் தாங்கியிருக்காது. இதைத் தெருவில் எல்லோருக்கும் நானே நேரில் வந்து சொல்கிறேன். நீங்கள் நிம்மதியாகத் தூங்குங்கள்."