மீனாவை ஊருக்குக் காட்டியவர்

காலையில் என் மகள் மீனாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. சரோஜாதான். அவருடைய மகனும் மீனாவும் ஒரே மையத்துக்குப் போகிறவர்கள். "கலா, பத்மா டீச்சர் போய்ட்டாங்கமா. தூக்கத்துலயே..." என்றவர் போனை வைத்துவிட்டார். பாதி பின்னிய சடை என் கையில் இருந்தது. "டீச்சர் கிட்ட போலாம்" என்றாள் மீனா. தினமும் அந்த நேரத்தில் அவள் சொல்வது அதுதான்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் டீச்சர் நடத்திய பகல்நேர மையத்தை உங்களில் பலர் அறிவீர்கள். ஆட்டிசம் உள்ளவர்கள், மூளை வளர்ச்சி குறைந்தவர்கள் பள்ளி வயது தாண்டியதும் போக இடமில்லாமல் வீட்டுக்குள் முடங்கிவிடுகிறார்கள். அவர்களுக்காக, சிறப்புப் பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஒரு வாடகை வீட்டில் அதை அவர் தொடங்கினார். அங்கே போனவர்கள் காய் நறுக்கினார்கள், துணி மடித்தார்கள், சாமான் வாங்கக் கடைக்குப் போனார்கள். சில நாள் சண்டையும் போட்டார்கள். "சண்ட போடறதுக்கும் ஆள் வேணுமில்ல?" என்பார் டீச்சர்.

எங்கள் வீட்டுக்கு அவர் முதலில் வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. பள்ளி முடிந்து மீனா வீட்டோடு இருந்த காலம். பக்கத்து வீடுகளில் தறி ஓடத் தொடங்கினால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். அன்றும் அங்கேதான் இருந்தாள். அவளுக்கு என்னென்ன வராது என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். டீச்சர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இதெல்லாம் நான் கேக்கலயேமா. அவளுக்கு என்ன புடிக்கும், அத சொல்லு."

அவள் தினமும் செய்வதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். கடைசியில், "ஆட்டோல போனா சிரிச்சிக்கினே வருவா மேடம்" என்றேன்.

"அப்போ ஆட்டோலயே வரட்டும்" என்றார். கட்டில் பக்கம் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அவள் வெளியே வந்து எதிரில் நிற்கும்வரை என்னோடு சாதாரணமாகப் பேசிக்கொண்டே இருந்தார்.

முதலில் நான் கூடவே போய்வந்தேன். பிறகு தெருமுனையில் ஷேர் ஆட்டோ ஏறித் தனியாகப் போய்வரப் பழக்கினார் டீச்சர். ஒருநாள் மத்தியானம் மீனா வரவில்லை. வேறு ஆட்டோவில் ஏறி ஐயம்பேட்டைக்குப் போய்விட்டாள். தெருத்தெருவாக ஓடித் தேடிய பிறகு, அங்கே ஒரு டீக்கடை பெஞ்சில் பன் தின்றுகொண்டிருந்தவளை டீச்சரும் நானும் கண்டோம். "இனிமே அனுப்ப மாட்டேன் மேடம். எம் பொண்ணு வீட்லயே இருக்கட்டும்" என்று அழுதேன்.

டீச்சரும் அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "தொலஞ்சி போனா தேடிக்கலாம்மா. வீட்லயே வெச்சி பூட்டிட்டா, அவள யாரு தேடுவா?"

மறுநாள் எங்கள் இருவரையும் ஆட்டோ ஸ்டாண்டுக்கு அழைத்துப் போனார். ஒவ்வொரு டிரைவரிடமும் மீனாவை நிறுத்தி, "இவ பேரு மீனா. கேட்டா ஒடனே பதில் சொல்ல மாட்டா. கொஞ்சம் பொறுத்தா சொல்லுவா" என்றார். "வுடுங்க டீச்சர், நம்ம பொண்ணு, பாத்துக்கறோம்" என்றார் ஒருவர். டீக்கடை, பூக்கடை, மருந்துக்கடை என்று அந்த வாரம் முழுக்க நடந்தோம். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அந்தக் கடைகளுக்கு டீச்சர் மறுபடியும் போனார்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று ஒருமுறை கேட்டேன். ஊரை ஒட்டியே இருக்கும் திருப்பருத்திக்குன்றத்தில் பிறந்து வளர்ந்தவர் அவர். மீனாவைப் போல ஒரு தம்பி இருந்தானாம். "எவ்ளோ பக்கம் பாரு! ஆனா காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டக்கூட பாக்காமயே போய்ட்டான்மா" என்றார்.

போன் வந்த அன்று, டீச்சரின் சாவு வீட்டுக்கு மீனாவை அழைத்துப் போவதா என்று தயங்கினேன். பிறகு அழைத்துப் போனேன். அழுகுரலைக் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டாள். ஆனாலும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கிட்டே போய் டீச்சரின் முகத்தையே பார்த்தாள்.

"கண்ணாடி எங்க?" என்றாள், உரக்க.

எல்லோரும் திரும்பினார்கள். டீச்சரின் மகன் உள்ளே போனார். மூக்குக் கண்ணாடியை எடுத்து வந்து அம்மாவுக்கு மாட்டிவிட்டார். அதன் பிறகுதான் நான் பார்த்துப் பழகிய முகம் அங்கே இருந்தது. அதன் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

மையத்தைத் தொடர்ந்து நடத்த, பெற்றவர்கள் நாங்கள் கூடிப் பேசிவருகிறோம். டீச்சர் சமணர், பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார். அதற்காக எங்கள் கூட்டங்களை எப்போதும் வெயில் இருக்கும்போதே முடித்துவிடுவோம். போன வாரமும் வெயில் இருக்கும்போதே எழுந்துவிட்டோம். வாசலுக்கு வந்தபிறகுதான் அவசரமே இல்லை என்பது உறைத்தது. யாருக்கும் உடனே வீட்டுக்குப் போகத் தோன்றவில்லை. அவர் செருப்பு விடும் இடத்தைப் பார்த்தபடி நின்றிருந்தோம்.

எங்களைப் போன்றவர்களுக்கு ஒரே பயம்தான்: எனக்குப் பிறகு இவள் என்ன ஆவாள்? அதை டீச்சரிடம் சொன்னபோது அவர் ஆறுதல் சொல்லவில்லை. "நீ இல்லாம இருக்கறதுக்கு அவ இப்பவே பழகட்டும். நீயும் பழகு" என்றார். மாதத்தில் ஒருநாள் ஒருவர் பிள்ளை இன்னொருவர் வீட்டில் தங்கவேண்டும் என்று ஏற்பாடு செய்தார். மீனா சரோஜா வீட்டுக்குப் போனாள். முதல் இரண்டு முறை அழுது திரும்பி வந்துவிட்டாள். அடுத்த முறை தங்கினாள். இப்போது நாள் நெருங்கினால் அவளே பையை எடுத்து வைக்கிறாள்.

டீச்சரைக் கேட்க இன்னும் எத்தனையோ இருக்கிறது. அவர் எனக்கு விட்டுப்போனது ஒன்றுண்டு. நான் பக்கத்தில் இல்லாமலும் என் மகள் நிம்மதியாகத் தூங்கும் இன்னொரு வீடு இந்த ஊரில் இருக்கிறது. அங்கே அவளுக்கென்று ஒரு தலையணை இருக்கிறது.