மூச்சுக்கு இடம் விட்ட உடை

உங்கள் வீட்டுப் பெண் நீந்தப் போகிறேன் என்றால் முதலில் எதைப் பற்றிக் கேட்பீர்கள்: அவள் மூச்சைப் பற்றியா, முழங்காலைப் பற்றியா? பொய் சொல்ல வேண்டாம். மலேசியாவில் கோத்தா திங்கி ஊர்ச் சந்திரமதியிடம் நாத்தனாரிலிருந்து மன்றத்துச் செயலாளர்வரை எல்லாரும் முழங்காலைப் பற்றித்தான் கேட்டார்கள்.

சந்திரமதிக்கு நாற்பத்தொரு வயது. செனாயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் வேலை. ஆறு பெருகினால் அவர் வீட்டுக்குத்தான் தண்ணீர் முதலில் வரும். அப்படி ஒரு வெள்ளத்தில், படகு வரும்வரை மேசைமேல் ஏறி நின்ற அந்த வீட்டுப் பெண்களில் ஒருவருக்கும் நீந்தத் தெரியாது. ஆண்கள் எல்லாருக்கும் தெரியும். ஏன் என்று கேட்டால், "பொம்பளப் புள்ளைங்க என்னத்தப் போட்டுக்கிட்டு நீந்துறது?" என்றார்கள். தண்ணீர் ஏறும் ஊரில், போட்டுக்கொள்ளும் துணியைக் காரணம் காட்டி வீட்டில் பாதிப் பேரை நீந்தத் தெரியாதவர்களாக வளர்க்கிறோம். அதற்குப் பண்பாடு என்று பெயர் வேறு.

அந்த வெள்ளத்துக்குப் பிறகுதான் சந்திரமதி நீச்சல் கற்றார். தொழிற்சாலையில் பக்கத்து மேசை மலாய்ப் பெண் ரொஹானா அவரை மூச்சடக்கி நீந்தும் பயிற்சிக்கு இழுத்துப் போனார். முதுகில் காற்றுப் புட்டி கிடையாது. நிதானமாக மூச்சு விட்டு, கடைசியாக ஒரு முழு மூச்சை இழுத்துக்கொண்டு, நீருக்கடியிலேயே முடிந்த தூரம் போக வேண்டும். தனியாகச் செய்யவே கூடாது. துணைக்கு ஒருவர் மேலே கூடவே நீந்தி வருவார். தலை வெளியே வந்ததும் முகத்தைப் பார்ப்பார், அதிலும் உதடு நீலம் பாய்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். சந்திரமதிக்கு ரொஹானா துணை. ரொஹானாவுக்குச் சந்திரமதி.

ஒரே மூச்சில் நீச்சல் குளத்தின் மறுமுனைக்குப் போய்த் திரும்பிவிட வேண்டும். அதையும் ஜொகூர் பாருவில் நடக்கும் மன்றங்களுக்கிடையிலான போட்டியில், தான் உறுப்பினராக இருந்த ஊர்த் தமிழர் மன்றத்தின் பெயரில் செய்ய வேண்டும். சந்திரமதியின் ஆசை அவ்வளவுதான். மூச்சு அதற்கு இடம் கொடுத்தது. துணிதான் கொடுக்கவில்லை.

முதல் நீச்சலுடை நாத்தனார் வாங்கித் தந்தது. இடுப்பைச் சுற்றிக் குட்டைப் பாவாடை. "அடக்கமா இருக்கும் அண்ணி." அடக்கமாவது! சுவரை உதைத்துக் கிளம்பியதும் அந்தப் பாவாடை தண்ணீரை வாரிக்கொண்டது. நின்றபோது மிதந்து இடுப்புக்கு மேலே ஏறியது. மறைப்பதற்கென்றே தைத்த துணி எதையும் மறைக்கவில்லை. ஆளைப் பின்னால் இழுத்ததுதான் மிச்சம். இறுக்கமாக இருந்தால் வேகமாகப் போகலாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, இரண்டாவதை ஓர் அளவு சிறிதாக வாங்கினார். அதில் நெஞ்சு விரியவில்லை. முக்கால் மூச்சை வைத்துக்கொண்டு முழுத் தூரம் எப்படிப் போவது?

மூன்றாவதை வாங்கக் கணவர் ஜெயபாலனோடு ஜொகூர் பாருவுக்குப் போனார். கடைக்காரச் சீனப் பெண் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நேராகப் பாவாடை வைத்த உடைகள் தொங்கிய பக்கம் கூட்டிப் போனார். "ஆன்ட்டி, இது தொடைய மறைக்கும், ஒல்லியா காட்டும்" என்றார் மலாயில்.

"தண்ணிக்குள்ள யாரும்மா பாக்கப் போறா? எனக்கு மூச்சு விடணும்" என்றார் சந்திரமதி.

பாவாடை இல்லாத நான்கைந்தை அள்ளிக்கொண்டு உடை மாற்றும் அறைக்குள் போனவர் வெகுநேரம் வரவில்லை. கடைப் பெண் கதவைத் தட்டினார். "ஆன்ட்டி, ஓகேவா?" பதில் இல்லை. மறுபடியும் தட்டினார். அப்போதும் இல்லை. அந்தப் பெண்ணின் முகம் வெளுத்தது.

"பயப்படாதம்மா, மூச்சப் புடிச்சிக்கிட்டு நிக்கிறா" என்றார் ஜெயபாலன்.

"அலமாக்! ஐயோ, எதுக்கு?"

"துணி வாங்குறதுக்குத்தான். என்னத்தச் சொல்ல, போ."

உள்ளே நடந்தது இதுதான். சந்திரமதி இரண்டு கைகளையும் தலைக்கு மேலே நீட்டிக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டார். நீருக்கடியில் உடம்பு அப்படித்தானே இருக்கும். பிறகு முழு மூச்சு இழுத்தார். ஓர் உடை விலா எலும்பில் முட்டியது. ஒன்று தோள்பட்டையை அறுத்தது. அந்த உடையின் நீளம் அவர் உடம்புக்குப் போதவில்லை. ஒன்று எங்கும் முட்டவில்லை, ஆனால் நடுமுதுகில் இரண்டு விரலால் கிள்ளிப் பிடிக்கத் துணி இருந்தது. உலர்ந்திருக்கும்போதே தொங்கும் துணி நனைந்தால் இன்னும் தொங்கும், அதற்குள் தண்ணீர் புகும். கடைசியாக ஒரு கறுப்பு உடை, தொடையின் பாதிவரை கால் வைத்துத் தைத்தது. எங்கும் முட்டவில்லை, எங்கும் தொங்கவில்லை, மூச்சு இழுத்தால் கூடவே விரிந்தது. வெளியே வந்தவர் முகத்தைப் பார்த்தே, "அப்பாடா, கெடச்சிருச்சு" என்றார் ஜெயபாலன்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் நம்மிடம் மன்றங்கள் இருக்கின்றனவே.

போட்டிக்கு முன் மன்றம் தன் ஆட்களைச் சோதித்துப் பார்க்கும் நாள். செயலாளர் மனோகரன் குளத்தோரம் நின்று விதிகளை வாசித்தார். அவர் உடம்பில் இருந்தது உள்ளங்கை அகலத் துணி ஒன்று. அதிலும் பாதியைத் தொப்பை மூடியிருந்தது. அந்தக் கோலத்தில் நின்றுகொண்டு, பெண்கள் நீச்சலுடைக்கு மேல் டீ சட்டை போட வேண்டும் என்று வாசித்தார்.

"எதுக்குண்ணே?" என்றார் சந்திரமதி.

"நம்ம பண்பாடும்மா. பாரு, உன்னோட வந்திருக்காங்களே மலாய் அக்கா, எவ்ளோ அடக்கமா வந்திருக்காங்க."

ரொஹானா தலை முதல் கணுக்கால்வரை மூடிய உடை போட்டிருந்தார். சந்திரமதி அவரைக் காட்டினார். "நல்லாப் பாருங்கண்ணே. அது முழுசா மூடியிருக்கு, ஆனா எங்கயாச்சும் தொளதொளன்னு இருக்கா? அவங்க நம்பிக்கைக்கு மூடிக்கிட்டாங்க, மூச்சுக்குச் சரியா தைச்சிக்கிட்டாங்க. நீங்க என்னைய மூடச் சொல்லல, தொளதொளன்னு வரச் சொல்றீங்க."

"விதின்னா விதிதான் லா."

வாதாடினால் சோதனையே போய்விடும். மன்றத்தின் சின்னம் அச்சடித்த டீ சட்டையை மாட்டிக்கொண்டு சந்திரமதி இறங்கினார்.

போனார், திரும்பினார். சட்டை வழியெல்லாம் இழுத்தது. கடைசிச் சுவரை எட்டிப் பிடித்துத் தலையை வெளியே எடுத்த அந்தக் கணத்தில், மிதந்து ஏறிய சட்டை கழுத்தில் சுருண்டு முகத்தில் ஏறியது. அத்தனை நேரம் காத்திருந்த முதல் மூச்சை இழுத்தார். காற்றுக்குப் பதில் ஈரத்துணி வாயில் வந்து அப்பிக்கொண்டது. சுவரைப் பிடித்திருந்த கை நழுவியது. ரொஹானா பாய்ந்து ஒரு கையால் அவர் தலையைத் தாங்கி, மறு கையால் துணியைக் கீழே இழுத்து, "நாஃபாஸ்! நாஃபாஸ்!" என்று மூச்சு இழுக்கச் சொல்லி மலாயில் கத்தினார். மூச்சு வந்தது. உதட்டுக்கு மெல்ல நிறம் திரும்பியது.

மேலே நின்ற மனோகரன் என்ன சொன்னார் தெரியுமா? "பாத்தீங்களா! இதுக்குத்தான் சொன்னேன், இந்த வெளையாட்டெல்லாம் பொம்பளைங்களுக்கு ஆபத்து."

நெரித்தது அவர் விதி. பழி நீந்திய பெண்மேல். எத்தனை தலைமுறையாக நாம் நடத்தும் நீதிமன்றம் இது!

"அண்ணே, என்னைய அமுக்குனது தண்ணி இல்ல, ஒங்க சட்ட" என்றார் சந்திரமதி, இருமிக்கொண்டே. விதியை எடுங்கள் என்று கேட்டார். அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் பேசலாம் என்றார்கள். ஈரச் சட்டையைப் பிழிந்து மனோகரன் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

போட்டிக்கு, வேறு மன்றத்தைச் சேர்ந்த ரொஹானாவின் குழுவில் பெயர் கொடுத்தார். அங்கே யாரும் முழங்காலைப் பற்றிக் கேட்கவில்லை. பயிற்சியாளர் மட்டும், "கையைத் தூக்கு, மூச்சு முழுசா போகுதா?" என்று கேட்டார். போட்டியன்று கறுப்பு உடையில் இறங்கிய சந்திரமதி, மறுமுனைக்குப் போய், திரும்பி, சுவரைத் தொட்டுத் தலையை எடுத்தார். முகத்தில் காற்று. ரொஹானா உதட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கரையில் ஜெயபாலன் தன் மூச்சை விட மறந்து நின்றார்.

அன்று மாலையே மன்றத்து வாட்ஸ்அப் குழுவில் படம் வந்தது. "நமது மன்றத்தின் பெருமை!" பதக்கத்தோடு நின்ற சந்திரமதியின் படத்தை மனோகரன் கழுத்தோடு வெட்டியிருந்தார். பதக்கமும் போய்விட்டது.

சந்திரமதி பதில் அனுப்பினார்: "கழுத்துக்குக் கீழ இருக்கிறதுதாண்ணே நீந்துச்சு. வேற மன்றத்துப் பேருல."

கைதட்டும் பொம்மைகள் வரிசையாக வந்தன. விதி மட்டும் அப்படியே இருக்கிறது. மன்றத்தின் ஆண்டுக் கூட்டத்துக்குப் போகிறவர் நீங்கள் என்றால் விதியை எடுக்கக் கையைத் தூக்குங்கள். போகாதவர் என்றால் இதையாவது செய்யுங்கள்: உங்கள் மகளோ மனைவியோ நீச்சலுடை போட்டுப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கும்போது, குனிந்து முழங்காலைப் பார்க்காதீர்கள். "கையத் தூக்கு. மூச்ச நல்லா இழு. எங்கயாச்சும் முட்டுதா?" என்று கேளுங்கள். முட்டவில்லை என்றால் அதையே வாங்கிக் கொடுங்கள்.