இடது கால் ஷூ

அப்பா துபாயில் கராமாவுக்கு வந்தபோது ஒரே அறையில் ஆறு பேரோடு பேச்சிலராக இருந்தார். பிறகு அம்மா வந்தாள், அதே தெருவில் ஒற்றைப் படுக்கையறை வீடு வந்தது, நான் வந்தேன். எனக்கு ஐந்து வயதானபோது காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன அம்மா திரும்பி வரவில்லை. ஒன்றரை வருடம் அப்பாதான் எனக்குத் தலை பின்னினார். பள்ளி பஸ் வருவதற்குள் அது அவிழ்ந்துவிடும். லீவில் போனபோது என் தலையைப் பார்த்துப் பொறுக்காத பெரியவர்கள் ஊரில் கூடிப் பேசி, சித்தியைக் கட்டிவைத்து அனுப்பினார்கள்.

சித்தியும் கணவனைப் பறிகொடுத்தவள். அவளுக்கு ஒரு மகன். ‘பெண் பிள்ளை முதலில் பழகட்டும், பையன் மாமா வீட்டில் இருக்கட்டும்’ என்று கல்யாணப் பேச்சிலேயே முடிவாகிவிட்டது. ‘ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்’ என்று அவளைத் தேற்றி அனுப்பினார்களாம். அந்த ஊரான் பிள்ளை நான்தான்.

புது அம்மாவைப் பங்கு போடாமல் எனக்கு முழுசாகத் தர வேண்டும் என்று, அவளுக்கு மகன் இருப்பதையே என்னிடம் மறைத்தார்கள். சித்தியின் அண்ணன் மகன் என்றார்கள். நான் பக்கத்தில் இருந்தால் அவனும் வீடியோ காலில் அவளை ‘அத்தை’ என்றுதான் கூப்பிடுவான். எட்டு வயதுப் பிள்ளைக்கு யார் அப்படிச் சொல்லிப் பழக்கினார்களோ! அவனுக்கு விசா கிடைத்து எங்களிடம் வந்து சேர்ந்தபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. அப்போது எனக்குப் பதின்மூன்று வயது.

நான் சொல்லவந்தது எட்டு வயதில் நடந்தது. கடைக்குப் போனால், ஊருக்கு அனுப்பும் துணிக்குச் சித்தி என்னைத்தான் அளவுக்கு நிறுத்துவாள். சட்டையை என் முதுகில் வைத்துப் பார்ப்பாள், “திரும்பு பாப்பா” என்பாள். எனக்கும் ஏதாவது கிடைக்கும் என்பதால் நானும் சமர்த்தாகத் திரும்புவேன். ஆனால் அன்று என் காலில் மாட்டியது, மிதித்தால் குதிகாலில் சிவப்பு விளக்கு எரியும் நீல ஷூ. கடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மூன்று முறை நடந்தேன்.

“விரல் எங்க இருக்கு? இறுக்குதா?” என்று கட்டைவிரலால் முனையை அழுத்தி அழுத்திப் பார்த்துத்தான் வாங்கினாள். எனக்குத்தான் என்று நினைத்தேன். நினைக்காமல் எப்படி இருப்பது?

மறுநாள் அந்த ஷூ ஊருக்குப் போகும் அட்டைப்பெட்டியில் இருந்தது. அப்பாவின் கம்பெனிக்காரர் ஒருவர் லீவில் கிளம்பினார். பால்பவுடர், சோப்பு, தைலம், போர்வை, நடுவில் என் ஷூ. கேட்டதற்கு, “அது அண்ணன் மவனுக்கு. உனக்கு அடுத்த மாசம் வாங்கலாம்டி,” என்றாள் சித்தி.

நடந்து காட்டியது நான், போட்டுக்கொள்வது எவனோ! பெட்டியை ஒட்ட அப்பா டேப் தேடிப் போன நேரத்தில் இடது கால் ஷூவை எடுத்துக் கட்டிலடியில் இருந்த அம்மாவின் பெட்டிக்குள் ஒளித்தேன். பெருக்கும்போது சித்தி அந்தப் பெட்டியை நகர்த்தித் துடைப்பாளே தவிர ஒருநாளும் திறந்ததில்லை. அந்த மரியாதையைத்தான் நான் அப்படிப் பயன்படுத்திக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து அவன் வீடியோ காலில் வந்தான். ஒரு காலில் ஷூ, ஒரு கால் வெறுங்கால். ஷூக்காலைத் தரையில் தட்டித் தட்டி விளக்கு எரிவதைக் காட்டினான். குறையே சொல்லவில்லை. “அத்தை, இன்னொண்ணு எப்ப வரும்?” என்று மட்டும் கேட்டான்.

“வரும்டா சாமி,” என்றாள் சித்தி. போனை வைத்ததும், “ஏங்க, கஸ்டம்ஸ்ல பெட்டியப் பிரிச்சிருப்பாங்களோ?” என்றாள்.

“ஒத்தை ஷூவ எடுத்து அவன் என்ன பண்ணப்போறான்?” என்றார் அப்பா.

சித்தி வீட்டையே கவிழ்த்துத் தேடினாள். ஷூ வாங்கிய கடைக்கும் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். அவளைவிட, அந்த வெறுங்கால்தான் என்னைப் படுத்தியது. மூன்றாம் நாள் பள்ளிவிட்டு வந்ததும் ஷூவை எடுத்துப் போய் அடுப்பு மேடையில் வைத்தேன்.

சித்தி அதை எடுத்து முகர்ந்து பார்த்தாள். அம்மாவின் பெட்டியில் கிடந்த அந்துருண்டையின் வாசனை அதில் ஏறியிருந்தது. அடி விழும் என்று நின்றேன். “பசிக்குதா?” என்று கேட்டுத் தட்டை எடுத்தாள். அப்பாவிடம், “சோபா இடுக்குல கிடந்துச்சுங்க,” என்றாள். அவ்வளவுதான்.

அதன்பிறகு ஊருக்குப் போக ஆள் அமைய ஐந்து மாதம் ஆயிற்று. அதுவரை ஷூ ஃபிரிட்ஜின் மேல் இருந்தது. கொடுத்தனுப்பும் நாளில் சித்தி என்னைக் கூப்பிட்டுத் தரையில் உட்காரவைத்தாள்.

“காலை விடு பாப்பா.”

விட்டேன். விரல்கள் மடங்கின, குதிகால் உள்ளே போகவில்லை. அவள் ஷூவின் நாவை இழுத்துப் பார்த்தாள், கயிற்றை முழுக்க உருவிவிட்டுப் பார்த்தாள். பிறகு ஷூவைக் கழற்றி, என் வெறும் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

“வளந்துட்டடி,” என்றாள். அழுதாள். ஊரைவிட்டு வந்து ஒன்றரை வருடத்தில் அவள் என் முன்னால் அழுதது அதுதான் முதல் தடவை.

என்னால்தான் ஷூ வீணாகிவிட்டது என்று எனக்கு வேதனையாக இருந்தது. “அழாத சித்தி. எனக்குத்தான் சேரல. அவனுக்குச் சேரும்,” என்றேன்.

“எப்படிடி சேரும்? அவன் உனக்கு மூணு மாசம் மூத்தவன்,” என்று சொல்லி, என் கால் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அண்ணன் மகன் பிறந்த மாதத்தைக்கூட இவ்வளவு சரியாக நினைவில் வைத்திருக்கிறாளே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.