கண் திறக்காமல் விட்ட தந்தப் படம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்கள் தள்ளிப்போட்டேன். என் அறியாமையை நானே ஊருக்குச் சொல்ல வேண்டுமே என்ற கூச்சம்தான். முருகன் துணையோடு இன்று எழுதிவிடுகிறேன்.

மலேசியாவில், ஜோகூர் மாநிலத்து உலு திராமில் வீடு. வீட்டுச் சாமான் ஏற்றும் லோரி ஓட்டுகிறேன். பொந்தியானில் ஓய்வுபெற்ற சிலோன் டீச்சரம்மா ஒருவர் வீடு மாறியபோது, உள்ளங்கை அளவு படம் ஒன்றைத் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தார்.

"ஆயிரத்து எண்ணூறுகளில யானைத் தந்தத்தில வரைஞ்சது, தம்பி. எனக்குப் பிறகு பார்க்க ஆளில்லை. கவனமா வச்சிருங்கோ."

மெல்லிய தந்தத் தகட்டில் ஒரு பெண் கண் மூடிச் சாய்ந்திருந்தாள். மூக்குத்தி, நெற்றியில் பொட்டு. எனக்கு அம்மனாகவே தெரிந்தாள். தலையணையைக்கூட மேகம் என்று நினைத்துக்கொண்டேன். சாமி மேடையில் வைத்துப் பூச் சாத்தினேன். ஆனால் அந்த மூடிய கண் உறுத்திக்கொண்டே இருந்தது. சாமிக்குக் கடைசியாகத்தானே கண் திறப்பார்கள்? வரைந்தவர் பாதியில் விட்டுப் போயிருக்கிறார் என்று முடிவு செய்தேன்.

அப்போது எங்கள் கோயிலில் கும்பாபிஷேக வேலை. சிலைகளுக்கு வர்ணம் பூசத் தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்தவரை, இந்தப் படத்துக்கும் கண் திறந்துவிடச் சொல்லி ஒரு ஞாயிறு காலை வீட்டுக்கு அழைத்தேன். அவர் படத்தை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"அண்ணே, இது முடிஞ்ச படம். இந்தம்மா தூங்குது. இமை முடிகூட ஒவ்வொண்ணா போட்டிருக்கான். மேல கறுப்பு வச்சா அப்புறம் எடுக்க முடியாது. வைக்கவா?"

"வைங்க லா. சாமி கண்ணு மூடியிருந்தா நம்மள யாரு பாக்கறது?"

தூரிகை இறங்கப்போன நேரம் சமையலறையிலிருந்து என் மனைவி வந்தாள். வாரத்தில் ஆறு நாள் விடியுமுன் எழுந்து சிங்கப்பூர் வேலைக்குப் பஸ் ஏறுபவள். ஏழாம் நாளும் எங்களுக்கு முன்பே எழுந்து தோசை சுடுபவள்.

"அலமாக்! தூங்கறவள ஏங்க எழுப்புறீங்க? இந்த வீட்டுல ஒருத்தியாச்சும் நிம்மதியா தூங்கட்டும்!"

"அண்ணி தீர்ப்பு சொல்லிட்டாங்க" என்று அவர் சிரித்துக்கொண்டே தூரிகையைத் தண்ணீரில் போட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கரண்டியோடு நின்றவளின் கண்கள் சிவந்திருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

படத்தைப் படுக்கையறைச் சுவருக்கு மாற்றினேன். அடுத்த ஞாயிறு நானே விளக்கேற்றி, அவள் விழிக்காதபடி சாமி பாட்டை முணுமுணுப்பாகப் பாடி, தோசையும் சுட்டேன். ஒன்பது மணிக்கு எழுந்து வந்தவள் தட்டைப் பார்த்தாள்.

"என்னங்க இது, ஜோகூர் மேப்பா?"

சொல்லிவிட்டு நான்கு தோசை சாப்பிட்டாள். அன்றிலிருந்து ஞாயிறு என் முறை.

அம்மன் கண் திறந்தாள் என்று கோயிலில் யாரோ சொல்லித் திரிகிறார்கள். அவள் திறக்கவே இல்லை. இதை அடுத்தவரிடம் சொல்லுங்கள், ஆனால் நடந்தபடியே சொல்லுங்கள். அற்புதம் எதையும் சேர்க்க வேண்டாம். என் தோசையையும் வட்டமாக்கிவிட வேண்டாம்.