மௌலாலி அவுட்டரில் ஒரு கட்டில்

செகந்திராபாத் மெட்டுகுடாவில் இருக்கும் டேவிட்சன் இருபத்திரண்டு வருஷமாக ஆஸ்பத்திரி எலும்பு வார்டில் மாவுக்கட்டு போடுகிறவர். கட்டு கச்சிதமாக விழும். வாய்தான் சும்மா இருக்காது. அந்த வாயால் ஒரு மனுஷனுடைய கால் போகப் பார்த்தது, கேளுங்கள்.

வரதராஜன் ரயில்வே டிக்கெட் பரிசோதகர். பைக்கில் போய் லாரியில் மோதி, மண்டையில் பலத்த அடி, தொடை எலும்பு இரண்டு துண்டு. மூளை வீக்கம் வடியாமல் பெரிய ஆபரேஷன் கூடாதென்று, தொடைக்கு வெளியே கம்பி பூட்டி வைத்திருந்தார்கள். ஆறாம் நாள் கண் விழித்தவர் முதல் காரியமாக நர்ஸிடம் டிக்கெட் கேட்டார். அப்புறம் கட்டிலை விட்டு இறங்கக் கிளம்பினார். இறங்கினால் கால் அவ்வளவுதான். தூக்க ஊசியும் இஷ்டத்துக்குப் போட முடியாது. போட்டால் நினைவு தெளிகிறதா என்று டாக்டருக்குத் தெரியாமல் போகும்.

"நக்கோ சார், இறங்க வேணாம்!" என்று ஓடினார் டேவிட்சன். "வண்டி மௌலாலி அவுட்டர்ல நிக்குது. பிளாட்ஃபார்மே வரல, எங்க இறங்குறீங்க?"

வரதராஜன் மறுபடி படுத்துவிட்டார். செகந்திராபாத் வண்டி ஸ்டேஷனுக்கு முன்னால் சிக்னல் கிடைக்காமல் அவுட்டரில் நிற்கிறது என்றால் எந்த ரயில்வேக்காரன் சந்தேகப்படுவான்! டேவிட்சனுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு நாளைக்குப் பத்து தடவை இதே பாட்டு.

நான்கு நாள் கழித்து, டேவிட்சன் கட்டிலருகில் நிற்கும்போது மூளை டாக்டர் நித்யஸ்ரீ வந்தார். "இப்ப எங்க இருக்கீங்க?"

"மௌலாலி அவுட்டர்" என்றார் வரதராஜன்.

"குழப்பம் இன்னும் தெளியல. கால் ஆபரேஷனை அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

டேவிட்சன் கணக்குப் போட்டார். அதற்குள் எலும்பு கோணலாக ஒட்டிக்கொள்ள ஆரம்பித்துவிடும். ஆயுசுக்கும் நொண்ட வேண்டியதுதான். வேலை போனாலும் போகட்டும் என்று, "நான்தான் மேடம் அப்படிச் சொல்லிவச்சேன்" என்றார்.

"அறிவிருக்கா உங்களுக்கு? தலைல அடிபட்டவர்கிட்ட போய் விளையாடுவாங்களா?"

"அவரைத் திட்டாதீங்க மேடம்" என்றது கட்டில் பக்கமிருந்து குரல். "இது ஆஸ்பத்திரின்னு எனக்கு முந்தாநாளே தெரிஞ்சுபோச்சு. இன்னைக்கு வியாழக்கிழமை. நீங்க டாக்டர் நித்யஸ்ரீ."

டாக்டர் இன்னும் நாலு கேள்வி கேட்டுப் பார்த்து, மறுநாளே ஆபரேஷன் என்று எழுதினார். டேவிட்சனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"தெரிஞ்சும் ஏன் சார் அவுட்டர்னு சொன்னீங்க?"

"பின்ன என்னங்க செய்றது? மணிக்கொருதரம் ஓடி வந்து வண்டி நிக்குது, வண்டி நிக்குதுங்கறீங்க. பாவம், உங்களுக்கும் தலைலதான் அடி போலருக்குன்னு நெனச்சேன்."