சீனி அட்டை வீடு

முறிவெண்ணெயை இரும்புக் கரண்டியில் சூடாக்கும்போது எழும் மணம், பச்சிலையும் தேங்காயெண்ணெயும் கருகுவதற்குச் சற்று முன்னால் வரும் அந்தக் கனத்த மணம், நான் ஆறாம் வகுப்பு படித்த ஆண்டு முழுவதும் எங்கள் வீட்டுத் தலையணைகளிலும் உம்மாவின் துப்பட்டியிலும் என் பள்ளிச் சீருடையிலும் ஏறிக் கிடந்தது. காலையிலும் அந்தியிலும் உம்மா அதை வாப்பாவின் முதுகில் தேய்ப்பாள். வாப்பா கவிழ்ந்து படுத்தபடி, வலிக்கிறது என்றோ போதும் என்றோ சொல்லாமல், கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருப்பார்.

வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போவதை எங்கள் வீடுகளில் "சபர்" என்பார்கள். வாப்பா சபரில் இருந்த காலத்தில்தான் கோட்டாற்றில் எங்கள் "முடுக்கு" என்ற குறுகிய சந்துக்குள் அந்த வீட்டைக் கட்டினார். பச்சை வண்ணம் பூசிய முகப்பு, வாசற்படியில் பளபளக்கும் கருங்கல், உள்ளே பூ வேலை செய்த கூரை, இனி வாங்கப்போகும் ஏ.சி.க்காகச் சுவரில் விட்டுப் பலகை அடித்த ஒரு சதுர ஓட்டை. மாடிக்கு வேண்டிய கம்பிகள் மட்டும் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தன. ரேஷன் கடையில் அரிசி வாங்குகிறவர்களுக்கு அரிசி அட்டை, அரிசி வேண்டாம் என்கிறவர்களுக்கு அதற்குப் பதிலாகக் கூடுதல் சீனி தரும் அட்டை என்று அப்போது இரண்டு வகை இருந்தது. உம்மா போனில் கேட்டபோது வாப்பா சீனி அட்டையே போதும் என்றாராம். "இல்லாதவனுக்கு உள்ளத நாம எதுக்கு வாங்கணும்" என்று அவர் சொன்னதை உம்மா பெருமையோடு தெருவில் சொல்லித் திரிந்தாள். அந்த முடுக்கில் சீனி அட்டை வைத்திருந்தது எங்கள் வீடு ஒன்றுதான்.

பிறகு அவர் வேலை செய்த இடத்தில் சாரம் சரிந்தது. திருவனந்தபுரம் விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். எப்போதும் எனக்குச் சாக்லேட் இருக்கும் கைப்பையை மடியில் வைத்து, அதை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே பாதி உணர்வு இருந்தது, பாதி இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து நாற்காலிக்கு வருவார், அதற்குள் சட்டை முழுக்க நனைந்துவிடும். குளிப்பாட்டுவதும் கழிப்பறைக்குக் கொண்டுபோவதும் உம்மாதான். அந்த நேரங்களில் நான் முடுக்கில் போய் நிற்க வேண்டும் என்பது ஒருவரும் சொல்லாமலே வீட்டில் ஏற்பட்டுவிட்ட வழக்கம்.

ஆப்பரேஷன் செய்தால் நடக்க வாய்ப்பு உண்டு என்று நாகர்கோவிலில் ஒரு டாக்டர் சொன்னார். அரசாங்கக் காப்பீட்டு அட்டை இருந்தால் செலவு இல்லை, அதற்கு வருமானச் சான்று வேண்டும். அரிசி அட்டைக்கு மாற்றவும் அதே சான்றுதான். உம்மா கோட்டாற்றுக் கடை ஒன்றுக்குக் குழந்தைச் சட்டை தைத்துக் கொடுத்து அடுப்பை எரித்துக்கொண்டிருந்தாள். வீட்டை விற்றுவிடலாமே என்று கேட்டவர்களுக்கு அவளால் பதில் சொல்லி மாளவில்லை, ஏனென்றால் வீடு நின்ற மனை வாப்பாவின் கூடப்பிறந்தவர்களோடு பாகம் பிரியாமல் கிடந்தது.

மனு கொடுத்த சில நாட்களில் வில்லேஜ் ஆபீசர் நேரில் பார்க்க வந்தார். நல்ல மனிதர். மழை பெய்துகொண்டிருந்ததால் குடையை வெளியிலேயே வைத்துவிட்டு, காலைத் துடைத்து, தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். உம்மா என்ன செய்தாள் தெரியுமா? விருந்தாளி வந்தால் செய்கிற பழக்கத்தில், வாப்பா முன்பு கொண்டுவந்திருந்த தங்கக் கரை போட்ட கண்ணாடித் தம்ளரை எடுத்து நன்னாரி சர்பத் கலந்து தட்டில் வைத்து நீட்டினாள். அவர் தம்ளரைப் பார்த்தார். பிறகு அண்ணாந்து கூரையைப் பார்த்தார். உள்ளறையில் கிடந்த வாப்பாவைப் பார்த்ததும் முகம் வாடி, சர்பத்தைக் குடிக்காமல் வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, நான் எழுதிருவேன். ஆனா நாளைக்கு மேல இருந்து ஒரு ஆளு வந்து இந்த வீட்டப் பாத்தா, எனக்க வேலை போயிரும்" என்றார்.

உம்மா அவரிடம் வாதாடவில்லை. வீடு இருக்கிறது என்பது உண்மைதானே, அதை எப்படி இல்லையென்று சொல்வது என்று அன்று மாலை முழுக்கத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

உம்மாவின் தம்பி, என் மாமா, ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். வீட்டைக் கொஞ்சம் "கழிச்சு" வைத்தால் ஆகும் என்றார் அவர். மறுபடியும் மனு கொடுத்துவிட்டு, பிரிட்ஜைப் பக்கத்து வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். கண்ணாடி அலமாரியைப் பழைய சேலையால் மூடினார்கள். மாமா கூரையின் பூ வேலைக்குக் கரியும் சுண்ணாம்பும் கலந்து பூசலாமா என்று யோசித்து, ஏணி போட்டு ஏறி, மனம் வராமல் இறங்கிவிட்டார். எல்லாவற்றையும் இழுக்கும் சத்தத்தை வாப்பா கட்டிலில் கிடந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "எல்லாத்தயும் மாத்திட்டியளா, இல்ல என்னயும் எங்கயாவது கொண்டு வைக்கணுமா" என்று கேட்டார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அந்த முறை வந்த அதிகாரி வீட்டுக்குள் வரவே இல்லை. முடுக்கின் வாயில் பைக்கை நிறுத்தி, பச்சை முகப்பையும் நீட்டிய கம்பிகளையும் ஒரு பார்வை பார்த்து, எதையோ எழுதிக்கொண்டு திரும்பிப் போனதை நான்தான் வந்து சொன்னேன்.

அதன்பிறகு மாமா வேறொரு வழி கேட்டு வந்தார். மாற்றுத்திறனாளிகளுக்கான முகாம் ஒன்று நகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடக்கப்போகிறது, அங்கே டாக்டர்கள் பார்த்து இவ்வளவு ஊனம் என்று சான்று கொடுப்பார்கள், ஒரு அளவுக்கு மேல் இருந்தால் மாதா மாதம் உதவி வரும், அரிசி அட்டையும் காப்பீடும் அந்தச் சான்றை வைத்தே கேட்கலாம், வீட்டைப் பார்க்க ஒருவரும் வரமாட்டார்கள். உம்மாவுக்கு அன்றுதான் சோறு இறங்கியது. அவள் வாப்பாவுக்கு மறுபடி மறுபடி சொன்னதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். "கேட்டா முடியாதுண்ணு மட்டும் சொல்லுங்க, வேற ஒண்ணும் சொல்லாண்டாம்." வாப்பா சரி சரி என்று தலையாட்டினார்.

முகாம் நாளில் காலையிலேயே சவரம் செய்துவிடச் சொன்னார். உம்மா நரைத்துப்போன கைலியை எடுத்து வைத்திருந்தாள். அவர் அதைத் தொடவில்லை. பெட்டியிலிருந்த வெள்ளைச் சட்டையை இஸ்திரி போடச் சொல்லி, காலரில் அத்தர் தொட்டுக்கொண்டு, பத்துப்பேர் வருகிற இடத்துக்கு ஒரு மாதிரியாகப் போக முடியாது என்றார். உம்மா எதிர்த்துப் பேசாமல் பொத்தான்களைப் போட்டுவிட்டாள். பள்ளிக்கூடம் போக வேண்டாம், எக்ஸ்ரே படங்களைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அந்தப் பள்ளிக்கூட முற்றத்தில் நான் அதுவரை ஒரே இடத்தில் கண்டிராத அளவுக்கு மனிதர்கள். காலில்லாதவர்கள், பார்வையில்லாதவர்கள், தாயின் இடுப்பில் பெரிய பிள்ளைகள். எங்களுக்கு முன்னால் முட்டத்திலிருந்து வந்திருந்த ஒரு மீனவர், வலை இழுக்கும் எந்திரத்தில் கையைப் பறிகொடுத்தவராம், மூன்றாவது தடவையாக வந்திருப்பதாகவும் போன தடவை போட்டோ சரியில்லை என்று அனுப்பிவிட்டதாகவும் எல்லோரிடமும் சிரித்துச் சிரித்துச் சொன்னார். வாப்பா அவரைப் பார்க்காமல் நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கூட்டத்தில் வெள்ளைச் சட்டையோடு இருந்தவர் அவர் ஒருவரே. யாரையோ கூட்டிக்கொண்டு வந்த பெரிய மனிதர் என்று நினைத்து ஒரு கிழவர் அவரிடம் மனு எழுதித்தரக் கேட்டார்.

எங்கள் முறை வந்ததும் மாமா அவரைத் தூக்கப் போனார். வாப்பா அவர் கையை விலக்கிவிட்டு, தோளைப் பிடித்துக்கொண்டு மட்டும் உள்ளே வந்தார். வகுப்பறையில் மேசைக்குப் பின்னால் இளவயது டாக்டரம்மா ஒருவர் இருந்தார். அதுவரை நாங்கள் பார்த்த அலுவலகங்களில் யாரும் வாப்பாவைப் பார்த்துப் பேசியதில்லை, கூட வந்தவர்களிடம்தான் கேட்பார்கள். இந்தப் பெண் எழுந்து நின்று, "உக்காருங்க ஐயா" என்றார். படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு வாப்பாவிடமே, மெதுவாக, கேட்டார்.

"ஐயா, கொஞ்சம் நடக்க முடியுமா?"

உம்மா வாப்பாவைப் பார்த்தாள். வாப்பா மேசை விளிம்பில் கையை ஊன்றினார். கழுத்து நரம்பு புடைத்தது. எழுந்தார். பிறகு, வீட்டில் சுவரில்லாமல் ஓரடி எடுத்து வைக்காத என் வாப்பா, அந்த வகுப்பறையின் ஜன்னல் வரைக்கும் நடந்தார். ஜன்னல் கம்பியை ஒரு விரலால் தொட்டுவிட்டுத் திரும்பி நடந்து வந்து உட்கார்ந்தார். எனக்கு மட்டும் மகிழ்ச்சி. கை தட்டிவிடலாம் என்றிருந்தது. உம்மாவின் முகத்தைப் பார்த்ததும் கைகளை எக்ஸ்ரே உறைக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

"நல்ல முன்னேற்றம்" என்றார் டாக்டரம்மா, உண்மையான சந்தோஷத்தோடு. தானாகக் குளிப்பீர்களா என்று கேட்டார். குளிப்பேன் என்றார் வாப்பா. கழிப்பறைக்குத் துணை வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றார். உடை மாற்றுவது? நானே மாற்றுவேன். ஒவ்வொரு கேள்விக்கும் டாக்டரம்மா உம்மாவையும் ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். அன்று காலையில் அந்தச் சட்டையின் பொத்தான்களைப் போட்டவள் வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். உம்மா துப்பட்டியின் முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள். டாக்டரம்மா எழுதிய அளவு, உதவிக்கென்று வைத்திருந்த அளவுக்குக் கீழே இருந்தது.

வெளியே வந்ததும் மாமா, "மச்சான், நீங்க என்ன வேலை பாத்திய" என்று மட்டும் கேட்டுவிட்டு ஆட்டோவைக் கிளப்பினார். முடுக்கின் வாயில் இறங்கும்போது வாப்பாவின் கால்கள் துணியைப் போலத் தொங்கின. மாமாவும் உம்மாவும் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலில் போட்டார்கள். வெள்ளைச் சட்டையைக் கழற்ற அவர் விடவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தவர், உம்மா கஞ்சியோடு பக்கத்தில் போய் உட்கார்ந்தபோது சொன்னது அடுப்படியில் நின்ற எனக்குக் கேட்டது.

"சபியா, அந்தப் பிள்ள மரியாதையா கேட்டுச்சு. முடியாதுண்ணு சொல்ல எனக்கு வாயி வரல்ல."

"எனக்கும் வரல்ல" என்றாள் உம்மா.

அதற்குமேல் அவர்கள் அதைப்பற்றிப் பேசிக்கொண்டதை நான் கேட்டதில்லை. மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள், செய்தோம். மீண்டும் முகாம் வரும்போது வரச் சொன்னார்கள். அது வந்தபோது வாப்பாவின் முதுகில் படுக்கைப் புண் வந்து, ஆட்டோவில் உட்கார வைக்கவே முடியாமல் போயிருந்தது. நேரில் வந்தால்தான் பார்ப்பார்களாம். வீட்டுக்கு வந்து பார்க்கும் ஏற்பாடு உண்டா என்று மாமா கேட்டுக்கொண்டே இருந்தார். உண்டு என்றவர்களும் உண்டு, இல்லை என்றவர்களும் உண்டு, வந்தவர்கள்தான் இல்லை. நான் பத்தாம் வகுப்புக்குப் போன வருடம், ஒரு நாள் ளுகர் என்னும் நடுப்பகல் தொழுகைக்கு வாங்கு சொல்லும் நேரத்தில், வாப்பா மவுத்தானார்.

அவர் போன பிறகு உம்மாவுக்குத் தகுதி வந்தது. விதவை உதவித்தொகைக்கு அவளே வந்து போட்டோ எடுக்க வேண்டும் என்றார்கள். கணவனை இழந்த பெண் வீட்டைவிட்டு வெளியேறாமல் இருக்கும் "இத்தா" காலத்தில் அவள் இருந்தாள். மாமா போய்க் கெஞ்சிப் பார்த்தார், முடிந்த பிறகு வரட்டும் என்றார்கள். முடிந்த பிறகு போனாள். புதிதாக வந்திருந்த வில்லேஜ் ஆபீசர் இரண்டு கேள்வி கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அரிசி அட்டையும் வந்தது. முதல் மாதம் வாங்கிய அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்த உம்மா, திடீரென்று முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "இவ்வளவு லேசா இருந்திருக்கு" என்றாள். பிறகு மறுபடி புடைத்தாள்.

இப்போது அந்த வீடு இல்லை. மனை ஒருவழியாகப் பாகம் பிரிந்து கைமாறி, அந்த இடத்தில் கீழே செருப்புக் கடையும் மேலே ஸ்கேன் எடுக்கும் நிலையமும் இருக்கின்றன. சீனி அட்டை வாங்கியதைப் பெருமையாகச் சொல்ல அந்த முடுக்கில் பழைய ஆட்களும் இல்லை. வீடு தேடி வந்து, காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே நுழைகிற வில்லேஜ் ஆபீசரும் இல்லை. வருகிறவர்களும் எல்லாவற்றையும் போனிலேயே பதிந்துகொண்டு போகிறார்கள். நான் திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். உம்மா இராஜாக்கமங்கலம் பக்கம் ஒரு ஓட்டு வீட்டில் வாடகைக்குத் தனியாக இருக்கிறாள். என்னோடு வா என்றால் வரமாட்டாள், நான் கொடுப்பதையும் என் கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்துவிடுவாள். வாரக் கடைசியில் நான்தான் போய்வருகிறேன்.

சென்ற மாதம் நான் போயிருந்த அன்று, உதவித்தொகை வாங்குகிறவர்களைச் சரிபார்க்க ஒரு பெண் வந்தாள். கல்லூரியை முடித்த வயதுதான் இருக்கும். வெயிலில் வந்த களைப்பில் வாசலில் உட்கார்ந்து, போனில் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே கேட்டாள். பெயர், வயது, நிலம் உண்டா, வேறு வருமானம் உண்டா, ஆதரவுக்கு யாராவது இருக்கிறார்களா. யாரும் இல்லை என்றாள் உம்மா. அந்தப் பெண் அப்போதுதான் தலையை நிமிர்த்தி, உம்மாவின் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தாள்.

"இது யாரு பாட்டிம்மா, மகளா?"

"இல்ல மக்களே. பக்கத்து வீட்டுப் பிள்ள, சும்மா வந்து நிக்கிது" என்றாள் உம்மா. குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை.

அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டு அடுத்ததைத் தட்டினாள். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருத்தி அந்த நேரத்தில் என்ன செய்வாளோ அதைச் செய்தேன். "வாரேன் மாமி" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தேன்.